லயத்துக்கு மேலே போகும் பெட்ரோல்

என்னால ஒரு எடத்துல சும்மா உக்கார முடியாது. சோறு திங்கும்போதும் வலது கால் ஆடிக்கிட்டேதான் இருக்கும். தூக்கத்துல பிரேக் மிதிக்கிறேன்னு என் பொஞ்சாதி சொல்றா. "கட்டில்ல பாதி எடம் உங்க பவுசருக்கே போயிருதுங்க, நான் எங்க படுக்குறது"ன்னு கேப்பா. சிரிச்சுக்கிட்டுத்தான் கேப்பா. ஆனா நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவ திங்காம இருப்பான்னு எனக்குத் தெரியும்.

நான் பொறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, ஒரே கூரையில வரிசையா ஒட்டுன லைன் வீட்டுல. இப்ப குடி ஹட்டன்ல. மொதல்ல கொழுந்து லொறி ஓட்டுனேன், அப்பறம் மரக்கறி லொறி, இப்ப பெட்ரோல் டாங்கி வண்டி, அதான் பவுசர். கொழும்புப் பக்கம் ஏத்திக்கிட்டு ஹட்டன், தலவாக்கலை, லிந்துலைன்னு ஏறி வந்து பெட்ரோல் ஷெட் ஷெட்டா எறக்கணும். மரக்கறி லொறியில போறப்ப வாய் ஓயாம பாடுவேன். பவுசர்ல பாட்டு வர்றதில்ல. முடக்குல வண்டி திரும்புனா பின்னால டாங்கில இருக்குறதும் ஒரு பக்கமா சாயும். அந்தச் சாய்வு சீட்டு வழியா முதுகுல தெரியும். வளைவு முடிஞ்சு கொஞ்ச தூரம் போன பொறகுதான் அது நிக்கும், அதுவரைக்கும் நான் மூச்ச புடிச்சுக்கிட்டு இருப்பேன்.

வேலைக்குச் சேந்தப்ப எங்களுக்கு வகுப்பு வச்சாங்க. நல்ல வகுப்புதான், குத்தம் சொல்ல மாட்டேன். பெட்ரோல விட அதோட ஆவிதான் எமன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். அது காத்த விட கனமாம். மேல போகாதாம். தண்ணி மாதிரி பள்ளத்தத் தேடிக் கீழ எறங்குமாம். எறங்குன எடத்துல ஒரு பொறி இருந்தா போதும், அங்க பத்திக்கிட்டு வந்த வழியிலேயே திரும்பி ஓடி வந்து வண்டியையும் புடிச்சிரும்னாங்க. பள்ளம்னதும் பக்கத்துல இருந்தவங்க என்ன நெனச்சாங்களோ, எனக்கு லயம்தான் கண்ணுக்கு வந்துச்சு. எங்க பக்கம் ரோட்டுக்குக் கீழ வேற என்ன இருக்கு.

அன்னைக்கு லிந்துலையத் தாண்டிப் போய்க்கிட்டு இருந்தோம். கொழுந்து நிறுத்து முடிச்சு பொம்பளைங்க லயத்துக்குத் திரும்புற நேரம். தூறலும் மூட்டமுமா இருந்துச்சு. எங்கூட ஒரு சிங்கள ஆளு உதவிக்கு வருவாரு, என்னை விட மூத்தவரு, நான் அவர அய்யேன்னு கூப்புடுவேன், சிங்களத்துல அண்ணன். தமிழ் நம்மள மாதிரியே பேசுவாரு. "மெதுவா போப்பா, ஷெட்டு எங்கயும் ஓடிராது"ன்னு அப்பத்தான் சொல்லி வாய மூடல, எதிர்ல ஒரு மரக்கறி லொறி முடக்கைப் பாதியா வெட்டிக்கிட்டு வந்துச்சு. நான் இடது பக்கம் ஒடிச்சேன். அந்தப் பய நிக்காமலே போயிட்டான். எங்க இடது சக்கரம் ரெண்டும் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி, பவுசர் மண்மேட்டுல சாஞ்சு நின்னுச்சு.

என்ஜின நிப்பாட்டி, பேட்டரிய வெட்டிவிட்டு, சாவிய எடுத்துக்கிட்டுக் குதிச்சேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. நல்லவேளைன்னு நெனச்சுக்கிட்டே குனிஞ்சு பாத்தா, அடியில குழாய் வால்வு கான் கல்லுல இடிச்சுப் பெட்ரோல் ஒழுகுது. கொட்டல, ஒரு விரல் மொத்தத்துக்கு ஒழுகுது. அந்தக் கான் தண்ணி ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் வழியா அந்தப் பக்கம் போய், கீழ இருக்குற லயத்துக் கானுல விழும்.

அய்யே செவப்புக் கொடிய எடுத்துக்கிட்டு வண்டிகள நிப்பாட்ட ஓடுனாரு. தூரமா போன பொறகுதான் போனைத் தொடணும், அங்கேருந்து பொலிஸுக்கும் தீயணைப்புக்கும் கம்பெனிக்கும் பேசணும்னு ரெண்டு பேருக்கும் பேசி வச்ச வேலை. நான் வண்டியில இருந்த வாளிய வால்வுக்குக் கீழ வச்சுட்டு மம்பட்டியால மேட்டு மண்ணைச் சரிச்சுக் கானை அடைச்சேன். மழையில நனைஞ்ச மண்ணு, நல்லாத்தான் அமுங்குச்சு. ஆனா அதுக்குள்ள போனது போனதுதான். வாசம் கீழ எறங்கிக்கிட்டு இருந்துச்சு.

சத்தம் கேட்டு லயத்துப் பொம்பளைங்க படியேறி வந்துட்டாங்க. "ஐயோ பாவம், அடி பட்டுச்சா அண்ணே, உக்காருங்க, தேத்தண்ணி வச்சிருக்கோம்"ன்னு ஒரு அக்கா சொல்லுச்சு. நான் கீழ எட்டிப் பாத்தேன். வரும்போது ரெண்டு மூணு கூரையில மட்டும் இருந்த பொகை இப்ப லயம் பூராவும் வருது. ரோட்டுல வண்டி கவுந்தா மொதல்ல அடுப்பப் பத்த வச்சு அடிபட்டவனுக்குத் தேத்தண்ணி ஊத்துறதுதானே நம்ம சனம். எங்கம்மாவும் அதத்தான் செஞ்சிருப்பா. எங்களுக்காகத்தான் அத்தன அடுப்பும் எரியுது, அந்த அடுப்புத்தான் எல்லாரையும் சாகடிக்கப் போகுது.

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், அது ஊருக்கே தெரியும். அன்னைக்கு வந்தது கோவமா பயமான்னு தெரியல, கத்துனேன். "அடுப்ப அணைங்க, தண்ணிய ஊத்தி அணைங்க, லைட்டுச் சுவிச்சுல கை வைக்காதீங்க, எல்லாரும் மேல போங்க"ன்னு கத்திக்கிட்டே படியில எறங்குனேன். அந்த அக்காவுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. "வெளக்கு வைக்கிற நேரத்துல அடுப்ப அணைக்கச் சொல்றீங்களே"ன்னு கேட்டுச்சு. "அக்கா, நானும் லயத்துல பொறந்தவன்தான், உங்க கால்ல வேணாலும் விழுறேன், அணைங்க"ன்னேன். அதுக்கப்பறம் அந்த அக்காவே முன்னால ஓடி ஒவ்வொரு வாசல்லயும் சத்தம் போட்டுச்சு. வீட்டுக்கு வீடு, காம்பராவுக்குக் காம்பரா தண்ணி ஊத்துற சத்தமும் சாம்பல் வாடையும் வந்துச்சு.

அது முதுகோட முதுகு ஒட்டுன ரெட்டை லயம். பின்வாசல் கெடையாது. வாசல் முன்னால திண்ணை மாதிரி இஸ்தோப்பு, இஸ்தோப்புக்கு முன்னால கான். யார் வெளிய வந்தாலும் அந்தக் கானைத் தாண்டித்தான் வரணும். லயத்து மேல் கோடியில பெட்ரோல் வாசம் நல்லா அடிச்சுச்சு. கீழ்க் கோடிக்கு இன்னும் வரல. சனம் அந்தக் கீழ்க் கோடி வழியா தேயிலை மலைக்குள்ள ஏற ஆரம்பிச்சுட்டாங்க. கடைசிக் காம்பராவுக்கு முந்துன கதவு மட்டும் சாத்தியே இருந்துச்சு.

தட்டுனேன். தொறந்தது ஒரு வயசான அம்மா. உள்ள கட்டில்ல ஒரு பொண்ணு, பக்கத்துல துணியில சுத்துன புள்ள. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கட்டிலுக்குக் கீழ ஒரு மண் சட்டி நெறைய தணல். செவக்கச் செவக்கக் கெடந்துச்சு. எங்க குளிருக்கு அந்தத் தணல் இல்லாட்டி பச்சப் புள்ள தாங்காது, அதுல கைய வாட்டித்தான் புள்ளைக்கு ஒத்தடம் குடுப்பாங்க.

"அம்மா, பெட்ரோல் ஒழுகுது. நெருப்ப அணைச்சிட்டு வெளிய வாங்க"ன்னேன்.

"தீட்டு கழியல தம்பி. தாயும் புள்ளயும் வாசப்படி தாண்டக் கூடாது. இந்த நெருப்பு அணையவும் கூடாது. நீங்க கதவச் சாத்திட்டுப் போங்க, நாங்க உள்ளயே இருந்துக்கிறோம்."

அவங்க பொறுமையாத்தான் சொன்னாங்க. எனக்கு அங்க நின்ன நிப்புல கால் தரிக்கல. ஆவி கதவு இடுக்குல வரும்மா, சாத்துனா நிக்காதும்மான்னு சொல்லிப் பாத்தேன். அவங்களுக்கு நான் ஏதோ பேயக் காட்டி மெரட்டுற மாதிரி இருந்துச்சு போல. அந்தப் பொண்ணு மட்டும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் திரும்பித் திரும்பிக் கானைப் பாக்குறத கவனிச்சிருக்கும். சட்டுனு எழும்பி, புள்ளயத் துணியோட மாருல அணைச்சுக்கிட்டுச்சு.

"வாங்க மாமி, போவோம்."

மாமியா குனிஞ்சு, சீலை முந்தானையச் சுருட்டிப் புடிச்சு, அந்தத் தணல் சட்டியத் தூக்கிட்டாங்க. புள்ள வெளிய போனா நெருப்பும் கூடப் போகணும், காத்து கருப்பு அண்டக் கூடாது. எங்க வீட்டுலயும் அதுதான் வழக்கம். அவங்க சட்டியோட வாசப்படியில கால வச்சாங்க. ரெண்டு எட்டு வச்சா இஸ்தோப்பு முடியும், அதுக்கு அங்கிட்டு கான். தட்டி விட்டா தணல் சிதறிரும். புடுங்குனா புள்ள மேல விழும். கத்துனா அவங்க பதறுவாங்க.

கதவு மூலையில புள்ளயக் குளிப்பாட்ட வச்சிருந்த தண்ணி ஒரு செம்புல இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஒரு கையில புள்ளையோட மறு கையால அதத் தூக்கி, மாமியா கையில இருந்த சட்டிக்குள்ளயே சரிச்சு ஊத்திருச்சு. புஸ்ஸுனு ஆவியும் சாம்பலும் கெளம்பி மூணு பேர் மூஞ்சியிலயும் அடிச்சது. சட்டி விரிசல் விட்டுக் கரித்தண்ணி வடிஞ்சுச்சு. மாமியா ஒடஞ்ச சட்டியப் படிக்கு உள்ள எறக்கி வச்சாங்க. "வெறுங்கையா எப்புடிக் கொண்டு போறது இந்தப் பச்ச மண்ணை"ன்னு மட்டும் கேட்டாங்க.

என் கையில பவுசர் சாவிக் கொத்து இருந்துச்சு. "இந்தாங்கம்மா, இது இரும்பு. புள்ள தலமாட்டுல வைங்க, இது போதும்"னு நீட்டுனேன். அவங்க அத வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் புள்ள துணிக்குள்ள செருகுனாங்க. மூணு பேரும் கானைத் தாண்டி, ஈரத் தேயிலைக்குள்ள மலையேறிப் போனாங்க. மேல மூட்டத்துக்குள்ள புள்ளகாம்பரா இருக்கு, வேலைக்குப் போற தாய்மாரு புள்ளைகள விட்டுட்டுப் போற எடம். சனமெல்லாம் அங்கதான் கூடியிருந்துச்சு. நான் லயத்த ஒரு சுத்து சுத்தி எல்லா அடுப்புலயும் கைய வச்சுப் பாத்தேன். அப்பறம்தான் மேல ரோட்டுக்கு ஏறுனேன்.

தீயணைப்பு வண்டி வந்து நொரை அடிச்சாங்க. வேற ஒரு பவுசர் வந்து மிச்சத்த உறிஞ்சிக்கிச்சு. பெட்ரோல் ஊறுன மண்ணைச் சொரண்டி எடுத்து, கானைக் கழுவுனாங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. அய்யே ரோட்டோரத்துல குந்தி, "பொழச்சோம்ப்பா"ன்னு சொல்லி மூஞ்சியத் தொடச்சாரு. எனக்கு அங்க உக்கார முடியல. வண்டிய இழுக்குறதுக்குச் சாவி வேணும்னாங்க, நான் புள்ளகாம்பராவுக்கு ஏறுனேன்.

அந்தப் பொண்ணு சுவரோரமா பாய்ல உக்காந்து இருந்துச்சு. மடியில புள்ள நல்ல தூக்கம். யாரோ இரும்புப் பாக்குவெட்டி ஒண்ணு கொண்டாந்து குடுத்திருந்தாங்க. மாமியா அத வச்சிட்டுச் சாவிய எடுத்து என் கையில குடுத்தாங்க. "புள்ளயத் தூக்குறீங்களா தம்பி"ன்னு கேட்டாங்க. என் கை பூரா பெட்ரோல். வேணாம்மான்னுட்டேன்.

"அண்ணே, நாளைக்கும் இதே ரோட்டுலதான் வருவீங்களா?" அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு.

"ஆமா தங்கச்சி. நான் வராட்டி வேற வண்டி வரும். தினமும் போற வண்டிதானே."

"அப்ப தினமும் அடுப்ப அணைக்கணுமா? என்ன நேரம்னு சொல்லிட்டுப் போங்க, அணைச்சு வச்சிர்றோம்."

கேலியா கேக்கல. உண்மையாவே நேரம் கேட்டுச்சு. "அதெல்லாம் வேணாம் தங்கச்சி, நீங்க பத்த வைங்க, புள்ளைக்குக் குளிரும்"னு சொன்னேன். சரிங்க அண்ணேன்னு அது தலைய ஆட்டுச்சு. ஆட்டிட்டு, நான் நேரத்தச் சொல்லுவேன்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு.