ஆம்பூர்த் தோல் சாலையும் குப்பம்மாளின் பிரசவக் கூலியும்

ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ காலத்தில் முதலாளியே பணம் கொடுக்க வேண்டும் என்று நம் மாகாணத்தில் சட்டம் வந்த மறு வருஷம், ஆடி மாதத்தில் நான் ஆம்பூருக்குப் போனேன். அந்தச் சட்டத்தைச் சுருக்கித் தமிழில் துண்டுப் பிரசுரமாக எழுதிக் கொடுத்தவன் நான்தான். எழுதியதை நாலு பேருக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை எந்த எழுத்துக்காரனை விட்டது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று என் மனைவி கேட்டாள். உதவும் என்று நிரூபிக்கவே கிளம்பினேன் என்றும் சொல்லலாம்.

சென்னை சென்ட்ரலில் காலை ஆறரைக்கு வண்டி. ஆம்பூர் 113 மைல். மூன்றாம் வகுப்புக் கட்டணம் இரண்டு ரூபாய் ஐந்து அணா. காட்பாடியில் பத்து நிமிஷம் நிற்கிறது. அங்கே காப்பி ஒரு அணா. சூடு ஒன்றுதான் அதன் நற்குணம். காட்பாடியைத் தாண்டினால் பாலாறு கூடவே வரும். நான் பார்த்தபோது ஆறு முழுக்க மணல்தான்.

பதினொன்றரைக்கு ஆம்பூரில் இறங்கினேன். நான் போக வேண்டிய தோல் பதனிடும் சாலை ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல். ஜட்காக்கார பாய் நாலு அணா கேட்டார். ஜாஸ்தி என்றேன். "திரும்பி வர்றப்போ உங்க துணி நாறும். அந்த நாத்தத்துக்கும் சேத்துத்தான் நாலணா," என்றார். மூன்றணாவுக்குப் படிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அரை மைலுக்கு முன்னாலேயே சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம் தொண்டையில் இறங்கிவிட்டது. அதற்குள்தான் அந்த ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்.

சாலையின் பின்முற்றத்தில் இருபது முப்பது பெண்கள் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தோலைப் பதமாக்குவது அந்தப் பட்டைச் சாறுதான். உலக்கை விழ விழத் தூள் பறந்து தலைமயிரும் புருவமும் ஒரே பழுப்பாகியிருந்தன. முதலாளி அன்று ஊரில் இல்லை. ஆபீசிலிருந்த கணக்குப்பிள்ளை, சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார்.

கூழ்ச் சட்டிகளோடு நிழலில் உட்கார்ந்தவர்களிடம் பிரசுரத்தைப் படித்தேன். நன்றாகவே படித்தேன். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சில வாரம் வீட்டில் இருக்கலாம், அந்த நாட்களுக்குப் பணம் உண்டு என்றதும், உலக்கையில் சாய்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிறைமாதத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும். மற்றவர்கள் அவளைக் குப்பம்மா என்று கூப்பிட்டார்கள். முதல் பிரசவத்தில் வலி கண்ட நாள் வரைக்கும் உலக்கை பிடித்தாளாம். அந்தக் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவையாவது படுக்க முடியுமா என்பதுதான் அவள் கவலை. அதைப் பக்கத்திலிருந்தவள்தான் சொன்னாள்.

குப்பம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. "புக்குல இருக்கிற பேருக்குத்தானே குடுப்பாங்க, ஐயா?"

ஆமாம் என்றேன். உடனே நோட்டீஸ் கொடுத்துவிடலாம், நானே கூட வருகிறேன் என்று எழுந்தேன். "நான் அப்பாலிக்கா போய்க்கிறேன், ஐயா," என்றாள். ஆபீசுக்குள் நுழையக் கூசுகிறாள் என்று நினைத்தேன். இப்படிக் கூசிக் கூசித்தானே ஏழைகள் தங்கள் பாத்தியதையை விடுகிறார்கள் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்து, அழைத்துக்கொண்டு போனேன்.

"இந்தக் குப்பம்மாளுக்குப் பிரசவ நோட்டீஸ் எழுத வேண்டும்," என்றேன் கணக்குப்பிள்ளையிடம்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஆஜர்ப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் குப்பம்மாள் என்று யாரும் இல்லை.

விஷயம் இதுதான். அந்த இடத்தில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் அவளுடைய நாத்தனார் முனியம்மாள். அவள் கல்யாணமாகிப் பேரணாம்பட்டுக்குப் போனதும், வீட்டுக்கு மருமகளாக வந்த குப்பம்மாள் அதே பெயரில் உலக்கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே பல வீடுகளில் இப்படித்தான். பெயரை அடித்தால் இடம் வெளியார் கைக்குப் போய்விடும் என்ற பயம். நாலு வருஷமாகக் குப்பம்மாள் இடித்த பட்டையெல்லாம் முனியம்மாள் இடித்ததாகவே எழுதப்பட்டிருந்தது.

இன்று முதல் குப்பம்மாள் என்று எழுதிக்கொள்கிறேன், வேலை போகாது என்றார் கணக்குப்பிள்ளை. ஆனால் என் பிரசுரத்தை என் கையிலேயே கொடுத்து, மூன்றாம் பாராவை அவளுக்குப் படித்துக் காட்டச் சொன்னார். நோட்டீசுக்கு முந்திய ஒரு வருஷத்தில் இத்தனை நாள் வேலை செய்தவளுக்கே பணம் உண்டு. குப்பம்மாள் என்ற பெயரிலோ புத்தகத்தில் ஒரு நாள்கூட இல்லை. நான் எழுதிய வாக்கியம். சிரமப்பட்டு, எளிய நடையில் எழுதியது. படித்தேன்.

குப்பம்மாள் அழவில்லை. "எங்க ஊட்ல ரெண்டு பேருக்கும் அந்த ஒரு பேருதான் சோறு போட்டுச்சு, ஐயா," என்றாள். பிறகு முற்றத்துக்குப் போய்விட்டாள். சற்று நேரத்தில் உலக்கைச் சத்தம் கேட்டது.

கணக்குப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "நீங்க பேரைச் சொல்லாம இருந்திருந்தா, முனியம்மான்னே எழுதி ரேகை வாங்கியிருப்பேன். மெட்ராஸ் ஆளு முன்னாடி நான் இன்னா பண்றது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடித்தவன் நான். அன்று மாலை வண்டியில் நாற்றம் பிடித்த துணியோடு உட்கார்ந்திருந்தபோது வெட்கத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

சென்னை வந்ததும் மேலிடத்துக்கு மனுப் போட்டேன். புத்தகத்தில் உள்ளதே சாட்சி என்று பதில் வந்தது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு இடம் என்று நம்பி அதைச் செய்திருக்கிறார்கள். செய்தவர்கள் யாரும் ஒரு இடத்தை ஒரு குடும்பமே பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்ததில்லை. எழுதிய நானும் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு: குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், கிணற்று நீர் கரிக்கிறது. ஸ்டேஷனுக்கு எதிரில் சாப்பாடு மூன்றணா, மோர் தாராளம். சாயங்காலம் நாலே முக்கால் வண்டியைப் பிடித்தால் ஒன்பதரைக்குச் சென்னை. தொழிலாளிகளுக்கு உதவப் போகிறவர்களானால், முதலில் நிழலில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். யாராவது அப்புறம் போகிறேன் என்றால், அப்புறமே போக விடுங்கள்.

போன வாரம் கணக்குப்பிள்ளைக்கு ஒரு ரிப்ளை கார்டு போட்டு விசாரித்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது. பெண் குழந்தை, சௌக்கியம். தாய் ஒன்பதாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள், புத்தகத்தில் குப்பம்மாள் என்றே ஆஜர் போட்டிருக்கிறது.