என் ஐடியில் ஓடியது

அந்தப் பழைய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஓட்ட இரண்டு கட்டளைகள் போதும். லோடு என்று அடித்தால் புரோகிராம் நினைவகத்தில் வந்து உட்காரும். ஸ்டார்ட் என்று அடித்தால் ஓடும். எதை ஓட்டட்டும் என்று அது கேட்காது. கடைசியாக உட்கார்ந்திருப்பது எதுவோ அதை ஓட்டிவிடும். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அது இயந்திரம்.

கீரமங்கலத்தில் வீட்டிலிருந்தே அந்த வேலையைப் பார்த்தேன். கம்பெனி சென்னையில், இயந்திரம் வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரர்களுடையது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க என்னை விட்டால் ஆளில்லை. தம்பி துபாயில். வீட்டிலிருந்து பார்க்க அனுமதி இருக்கும்வரைதான் எனக்கு வேலை.

குழுவில் எல்லோரும் என் ஐடியில்தான் உள்ளே போவார்கள். புதிய ஐடி கேட்டால் வருவதற்குள் விடிந்துவிடும் என்பார் டீம் லீடர். "ஒரு நிமிஷம் உங்க ஐடியில போய்ட்டு வந்துடறேன் மேடம்." என் பாஸ்வேர்டு கல்யாண வீட்டுச் சந்தனக் கிண்ணம் மாதிரி ஆளாளுக்குக் கை மாறியது.

அன்றைக்குப் பிரீமியம் ரசீது புரோகிராமை லோடு செய்து முடித்ததும் கரண்ட் போய்விட்டது. இணைப்பு அறுந்தாலும் விட்ட இடம் அப்படியே இருக்கும் என்பது அந்த இயந்திரத்தின் வசதி. அதை நம்பி, கரண்ட் வந்ததும் உள்ளே போய் ஸ்டார்ட் அடித்தேன். இடையில் டீம் லீடர் நுழைந்து, இரங்கல் கடிதம் அச்சிடும் புரோகிராமை லோடு செய்து பார்த்துவிட்டு, திரையை மட்டும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கெல்லாம் அவர்கள் இறந்துபோனதற்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் போனது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். என்னால் முடியவில்லை.

மேனேஜர் வைத்த ஆன்லைன் மீட்டிங்கில் டீம் லீடர் முந்திக்கொண்டார். "கிராமத்து நெட்டை நம்பிக் கொடுத்தது நம்ம தப்பு சார்."

"எனக்குக் கரண்ட் இல்லாத நேரத்துல ரெண்டாவது லோடு ஆயிருக்கு சார். எத்தன மணிக்கு என்ன ஓடுச்சுங்கற லாக் பதிவைப் பாருங்க, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"பார்த்தேன்மா. உங்க ஐடிதானே இருக்கு?"

டீம் லீடர் மைக்கை அணைத்துக்கொண்டார். நித்தம் என் ஐடியில் போய் வந்தவர்கள் அத்தனை பேர் வாயிலும் கொழுக்கட்டை.

திங்கட்கிழமை முதல் சென்னை ஆபீஸுக்கு வர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா என்று சொல்லிவிட்டார்கள். வீட்டோடு தங்கி அம்மாவைப் பார்க்க ஆள் தேடிப் புதுக்கோட்டை வரை விசாரித்தேன். கிடைக்கவில்லை. ராஜினாமாவை அனுப்பினேன்.

தம்பிக்குத் தகவல் சொன்னேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் போட்டுக் கேட்டேன்.

"விடுக்கா. வீட்ல சும்மா ஒக்காந்து பாத்த வேலதானே. இனிமே அம்மாவ முழுசாப் பாத்துக்கிரலாம்ல."

அம்மா அதைக் கேட்டுவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதுவரை சென்னைக்காரர்கள் மேல் மட்டும் இருந்த கோபம் எனக்கு அவள் மேலும் வந்தது.