டெஸ்மண்ட் போட்ட ஓகே

எங்கள் ஆபீசில் டெஸ்மண்டுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று பேர். பதினான்கு வருடமாக டத்தோ கிராமாட்டிலிருந்து மோட்டாரில் வருகிறார். யாருடைய நிரலைக் கொடுத்தாலும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்ப்பார், ஓகே போடுவார், டீ குடிக்கப் போய்விடுவார். பக்கத்து மேசைக்காரன் நான். அவர் குழம்பி ஒருநாளும் பார்த்ததில்லை. போன வியாழக்கிழமை பார்த்தேன்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான டேட்டாபேஸ். ஒரு நர்ஸ் நோயாளியின் மருந்துப் பட்டியலை மாற்றும்போது அதற்கு ஒரு பூட்டு விழும். வேறு யாரும் கை வைக்க முடியாது. வேலை பாதியில் அறுந்துபோனால், மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டுப் பூட்டைத் திறந்துவிட வேண்டும். இந்தத் துப்புரவு வேலைக்கென்றே ஒரு நிரல் உண்டு. அதில் கோளாறு வந்தால் பட்டியல் பாதி பழசும் பாதி புதுசுமாக நிற்கும். அதைப் பார்த்து ஒருவருக்கு ஊசி போடுவார்கள். விளையாட்டில்லை.

அந்த நிரல் பூட்டை இரண்டு தடவை திறந்தது. எங்களோடு வேலை செய்யும் ஷஹீதா, இரண்டாவது தடவை திறக்கும் வரியை எடுத்துவிட்டு, சரிபார்க்கச் சொல்லி டெஸ்மண்டுக்கு அனுப்பியிருந்தாள். நியாயமாகத்தான் தெரிந்தது. திறந்த பூட்டை யாராவது மறுபடி திறப்பார்களா? சோதனைகளும் எல்லாம் பாஸ். ஆனால் டெஸ்மண்ட் படித்தார், திரும்பப் படித்தார், தாளில் அம்புக்குறி போட்டார், கிழித்தார். அந்த வரியை முதலில் எழுதிய புண்ணியவான் யார் என்று தேடினார். அவர் பெயரே வந்தது. எழுதிப் பத்து வருடம். எதற்கு எழுதினார் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை.

"எழுதின எனக்கே புரியலடா," என்றார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஆபீசில் ஒரு கேடுகெட்ட வழக்கம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படும் முன், யாரும் மறுப்புச் சொல்லாத திருத்தங்களையெல்லாம் மேனேஜர் ஹைதர் ஆஸ்பத்திரிகளில் ஓடும் நிரலுக்குள் சேர்த்துவிடுவார். டெஸ்மண்ட் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பதினான்கு வருடப் பேர் பத்திரமாக இருக்கும். வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஹைதர் சொங்கோக் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"ஹைதர், அத நிறுத்துங்க. எனக்குப் புரியல," என்றார் டெஸ்மண்ட். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

ஷஹீதா எழுந்து வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் முழுசா புரியல லா அண்ணே. நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் அனுப்பினேன்."

டெஸ்மண்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப போன மாசம் என்னோட ரெண்டு திருத்தத்துக்கும் ஓகே போட்டீங்களே?" என்று கேட்டாள்.

"அதுவும் புரியலம்மா. உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சுப் போட்டேன்."

"ரெண்டும் இப்ப ஆஸ்பத்திரியில ஓடிக்கிட்டு இருக்கு அண்ணே," என்றாள் ஷஹீதா.