பூஜ்யம் காட்டிய கார்டு

அவரை முதலில் பார்த்தது மருந்துக் கிடங்கின் குளிர் அறை வாசலில். ஸ்டூலில் உட்கார்ந்து, மெமரி கார்டு ஒன்றை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே முதல் பட்டம் வாங்கி, அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த மிதப்பில் இருந்த எனக்கு அவர் வெறும் மெக்கானிக்காகத் தெரிந்தார். பெயர் 'கார்டுக்காரர்'. நிமிடத்துக்கொருமுறை வெப்பநிலையைக் கார்டில் எழுதும் உள்ளங்கையளவுப் பலகைகள், பன்னிரண்டு அறைகளுக்கும், அவர் கைவேலைதான் என்பது பிறகே தெரிந்தது.

பதினோரு வருடமாக அதே நடை, அதே பன்னிரண்டு கதவு. "எனக்கும் ஒரு கார்டு மாட்டுங்க, நான் சொல்றதாவது பதிவாகட்டும்" என்பாள் மனைவி. அவருக்குச் சாப்பிடும்போதே கண் சொருகிவிடும்.

ஒவ்வொரு நிமிடமும் எழுதி மூடினால் கார்டு சீக்கிரம் செத்துப்போகிறது என்று, காலையில் கோப்பைத் திறந்து மாலையில் ஒரேயடியாக மூடும்படி மாற்றியிருந்தார். அந்தச் சிக்கனம்தான் வினையானது. ஒருநாள் மூன்றாம் அறையில் குளிர் இயந்திரம் நின்றுபோனது. மதியம் பழுது பார்க்க வந்தவர் மெயினை அணைக்க, பலகையும் அணைந்தது. கார்டை எடுத்துப் பார்த்தால் கோப்பின் அளவு பூஜ்யம்.

உள்ளே இருந்தது குழந்தைகளுக்கான தடுப்பூசி. சாயங்காலம் லாரி ஏற வேண்டிய சரக்கு.

மேலாளர், கார்டுக்காரருடைய மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. "கார்டுல ஒண்ணும் இல்லல்ல மாமா? அரை மணி நேரம் நின்னுச்சுன்னு எழுதிக் குடுங்க."

"இரு மாப்ள."

மூடாத கோப்புக்கு அளவுதான் பதிவாகாது. எழுதிய எண்கள் கார்டிலேயே கிடக்கும், பொருளடக்கத்தில் ஏறாத பக்கங்கள் மாதிரி. லேப்டாப்பில் துண்டு துண்டாகப் படித்தார். இரண்டு மணி நேரம் பிடித்தது. நாலு புள்ளி ஒன்று, ஆறு, ஒன்பது, பதிமூன்று. தடுப்பூசி தாங்கும் எட்டு டிகிரியைத் தாண்டியே மூன்று மணி நேரத்துக்கு மேல்.

"நீங்க இதப் பாக்கலன்னு வெச்சுக்குவோம் மாமா."

"பாத்துத் தொலைச்சிட்டேனே."

"அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நடந்ததச் சொல்லு. கோப்ப மூடாம விட்டது நான்தான்னும் சேத்துச் சொல்லு."

அதையே எழுதி, எண்களோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சரக்கை அழித்தார்கள். மைத்துனர் அதற்குப்பின் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை.

கார்டுகளை இப்போது வேறொருவர் பார்க்கிறார். இவர் பின்கட்டடத்தில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். நின்றுகொண்டே செய்யும் வேலை. பதினோரு மணிக்கெல்லாம் முதுகு பிடித்துக்கொள்கிறது.