படகடியில் ஒரு பொற்பணம்

நாணயக் கண்காட்சியில் நான் வாங்கிய பொற்பணம் துவரம்பருப்பைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. விஜயநகர காலத்துச் சரக்கு என்றார் விற்றவர். சுத்தியலால் அடித்து அச்சிட்டது, அதனால் வட்டம் கோணல், எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தது. இந்தத் துணுக்கை நீட்டித்தான் அன்றைக்குத் துறைமுகங்களில் மிளகும் துணியும் கைமாறின என்று, கன்டெய்னர் யார்டில் என்னோடு வேலை பார்ப்பவர்களின் காதில் ரத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வினை மாமா ரூபத்தில் வந்தது. அம்மாவின் தம்பி, ராயபுரத்தில் மீன்பிடிப்பவர். புதிதாக ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வழக்கப்படி புதுப் படகின் அடியில் குந்துமணித் தங்கமாவது வைத்து மூட வேண்டும். அத்தையோ மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். மாமாவின் கண் என் காசின்மேல் விழுந்தது.

“இன்னா மாப்ளே, ரவுண்டாவே இல்ல? மெய்யாலுமே தங்கம்தானா?”

“ஐந்நூறு வருஷத்துத் தங்கம் மாமா!”

“அப்போ இத்தயே குட்த்துடு. போன தபா தங்கம் வெக்காம வுட்டதாலதான் படகு கவுந்துச்சி.”

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் காசு அசல்தானா என்று எனக்கே சந்தேகம். பித்தளையை நம்பி மனிதர் கடலுக்குப் போய்விட்டால்? மறுநாளே கல்மண்டபம் பக்கம் ஒரு பத்தரிடம் ஓடினேன். போலி என்றால் காசு மிஞ்சும், மானம் போகும். அசல் என்றால் மானம் மிஞ்சும், காசு போகும். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

பத்தர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தார். “நல்ல தங்கம்தான் சார்.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருமுனை திரும்புவதற்குள் துக்கமும் வந்துவிட்டது. போலி என்று மாமாவிடம் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? மூக்குத்திதான் இருக்கவே இருக்கிறதே! படகு கட்டும் இடம்வரை இந்தப் பொய்யையே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மாமா நிமிர்ந்து பார்த்தார். என் காசை நானே போலி என்று சொல்ல வாய் வரவில்லை. நேர்மையெல்லாம் இல்லை, சுத்தத் திமிர்.

“பத்தரே சொல்லிட்டாரு மாமா, அசலு!”

மாமா அதை ஈர ரெசின் பசையில் அழுத்தி, மேலே ஃபைபர் போட்டு மூடினார்.

இப்போது யார்டில் யாராவது, “அந்தக் காச காட்டு, பாக்கலாம்” என்றால், “கடலுக்குப் போயிருக்கு, மத்தியானம் கரைக்கு வந்துடும்” என்கிறேன்.