மடைக்கல்லில் இருந்தவள்

எங்கள் பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கண்மாய் மடையில் நின்ற கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். மடையைக் கட்டியவன் எங்கள் வம்சத்து வீரனாம். எழுத்து அவன் வாளால் கீறியதாம். ஊர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் பெரியப்பா தலையில் ஏறியது இந்தக் கதையின் பலத்தில்தான். ஆடிக்கு ஆடி கல்லுக்கு எண்ணெய் பூசி, எழுத்தை இன்னும் கொஞ்சம் மூடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மதுரையில் தங்கிப் படித்துவிட்டு வந்தும் அந்தக் கல் எனக்குப் பிடிபடவில்லை. அது பழைய வட்டெழுத்து.

"இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு ஆத்தா? கல்லுல இருக்கிறத வாசிக்கத் துப்பில்ல" என்றார் பெரியப்பா. நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகக் கூடாது என்பதற்கும் அதே கல்தான் சாட்சி. "வீரன் வம்சம் இது. இதுல பொம்பள பேரு வெளிய அடிபட்டதில்ல." அப்பா, தன் அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர்.

அந்தத் தை மாதம் சென்னையிலிருந்து கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவினார். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி, மை ஒற்றினார். கறுத்த தாளில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்தன. ஊரே கூடி நின்றது.

"வாளால கீறுனது, பாத்துக்கங்க" என்றார் பெரியப்பா.

"உளி வேலைங்க" என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சிக்காரர் நிதானமாக வாசித்தார். உடைந்த மடையைத் தன் பொருளைப் போட்டுக் கட்டிக்கொடுத்தவள் ஒரு பெண். அவள் பெயர் இருந்தது. வீரனும் இல்லை, வம்சமும் இல்லை.

"அப்ப பரிவட்டம் யாருக்குண்ணே?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியப்பா எச்சில் விழுங்கக்கூட நேரம் எடுக்கவில்லை. "அவ யாருங்குற? எங்க வீட்டுப் பொம்பளடா! பொம்பளயே மடை கட்டுனான்னா எங்க ஆம்பளைக என்னென்ன கட்டியிருப்பாங்க!"

அப்படியொன்றும் கல்லில் இல்லை என்று சொல்ல ஆராய்ச்சிக்காரர் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அப்ப நம்ம வம்சத்துப் பொம்பள பேரு கல்லுலயே இருக்கு பெரியப்பா. நான் பயிற்சிக்குப் போறேன்."

ஊர் அவர் வாயையே பார்த்தது.

"போயிட்டு வா ஆத்தா. வேணாமுன்னு யாரு சொன்னது?" என்றார், தலையில் இல்லாத பரிவட்டத்தைத் தடவிக்கொண்டே.

அடுத்த வருடக் கோடையில், பயிற்சி விடுமுறைக்கு வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி வீடு வந்தேன். கல்லுக்குச் சிவப்புப் புடவை சுற்றியிருந்தது. மடை கட்டியவள் புலி கொன்ற கதையைப் பெரியப்பா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தின் மேல் எண்ணெய் பளபளத்தது.