என் போனில் தங்கிவிட்ட தபால்

"அடுத்தவங்க தபால் நம்ம வீட்ல ஒரு பொழுது தங்கக் கூடாதுடா, தங்குச்சுன்னா..." என்று என் நைனா ஏதோ சொல்வார். கிராமத்தில் தபால் பட்டுவாடா செய்தவர். மிச்ச வாக்கியம் எனக்கு ஞாபகம் இல்லை. தங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த வருஷம் என் போன் காட்டிவிட்டது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை என்னுடையது. இந்தத் தொழிலில் விண்ணப்பம் நிரப்புவது கால் பங்கு வேலைதான். மிச்ச முக்கால் பங்கும் போனிடம் கெஞ்சுவது. இருபது வருஷம் பெங்களூரில் இதே மாதிரிச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான், அதனால் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஓ.டி.பி. வருமா வராதா என்று திரையையே முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், கேளுங்கள்.

யார் நம்பர்?

எந்த விண்ணப்பமும் பெயருக்கு முன்னால் செல் நம்பரைத்தான் கேட்கிறது. இந்தப் பக்கம் பல வீடுகளில் ஒரே போன். வேலைக்கு வெளியூர் போகிறவரோடு அதுவும் போய்விடும். ரீசார்ஜ் முடிந்தால் நாம் பேச முடியாது, சரி. நமக்கு வருவதையும் ஏனய்யா நிறுத்துகிறீர்கள்? ஸ்டாம்ப் வாங்காதவன் வீட்டுக்குத் தபால் கிடையாது என்று நைனா சொல்லியிருந்தால் ஊரே சேர்ந்து அவரை உதைத்திருக்கும். கடைசியில் வருகிறவர்களெல்லாம் "உங்க நம்பரே போடுங்க" என்பார்கள். நானும் பெரிய மனுஷனாகப் போட்டேன். சீயமங்கலத்திலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு என் போன்தான் போன்.

அப்படித்தான் ஆரோக்கியமேரி தன் மகள் ரெஜினாவோடு வந்தாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம். இடம் கிடைத்தால் மெசேஜ் வரும். வந்த மூன்று நாளுக்குள் 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. நம்பர் கேட்டேன். மேரி சிரித்தாள்.

"எங்கூட்டு போனு அவரு பாக்கெட்ல திருப்பூர்ல இருக்குதுண்ணே. உன் நம்பரே போடு, நீ எங்க போவப் போற?"

கண்ணைச் சிமிட்டவும்

பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு முகத்தைக் காட்ட வேண்டும். புதிதாகக் கண் ஆபரேஷன் ஆனவர். 'கண்ணைச் சிமிட்டவும்' என்றது செயலி. சிமிட்டினார். 'வெளிச்சம் போதவில்லை' என்றது. வெயிலுக்குக் கூட்டிப்போனேன். 'வெளிச்சம் அதிகம்' என்றது. நிழலுக்கும் வெயிலுக்குமாக ஒரு மணி நேரம் அந்த மனிதரை நடத்தினேன். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஏழாவது தடவை, 'முகம் பொருந்தவில்லை, பிறகு முயலவும்.' எனக்குப் போனைத் தூக்கிச் சாக்கடையில் போடலாம் போலிருந்தது. அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"நான் இருக்கிறதுல எங்கூட்டுக்காரிக்கே டவுட்டு இல்ல தம்பி, இதுக்கு இன்னா டவுட்டு?"

மூணு வயசுக் கிழவன்

கடைவீதியில் இரும்புச் சாமான் விற்கும் செட்டியார் ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பில் போட வாங்கியது. வாங்கி மூன்று வருஷம். ஒரு கீறல் இல்லை, துணியில் சுற்றியே வைத்திருந்தார். காலையில் பில் போடும் செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, 'உங்கள் கருவி பழையது, இனி இதில் இயங்காது' என்று சொல்லிவிட்டது. வேறு வழி இல்லையா என்று கேட்டார். பழைய செயலியை ஏற்றிப் பார்த்தேன். 'புதுப்பிக்கவும்' என்றது. புதுப்பித்தால் 'இயங்காது' என்றது. செட்டியார் அதைத் திரும்பத் துணியில் சுற்றினார்.

"மூணு வருஷத்துல இத்துப் போற கடப்பாரைய நான் வித்தா செருப்பால அடிப்பாங்க சார், இவன் வித்துட்டு எனக்கே புத்தி சொல்றான்!"

டார்ச்

கரும்புத் தோட்டத்துக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு டார்ச் செயலி வேண்டுமாம். இறக்கினேன். உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, இருக்கும் இடத்தை அறியலாமா, பேசுவதைக் கேட்கலாமா என்று வரிசையாக அனுமதி கேட்டது. ஒவ்வொன்றையும் படித்துச் சொன்னேன்.

"லைட்டு எரியறதுக்கு என் மச்சான் நம்பரு எதுக்குடா அதுக்கு?"

வந்துச்சா?

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேரி கடை வாசலில் நின்று "வந்துச்சாண்ணே?" என்பாள். போனைத் தள்ளிப் பார்ப்பேன். உடனடிக் கடன், சீட்டாட்டம், தலைமுடிக்கு எண்ணெய் என்று விளம்பரமெல்லாம் வந்திருக்கும். "வரல மேரி" என்பேன். கல்லூரிச் சேர்க்கைக்கான வலைத்தளத்தில் போய்ப் பார்த்திருக்கலாம். மெசேஜ் வரும் என்று போட்டிருந்தார்கள், நம்பினேன்.

போன வாரம் வேறு ஒருவருடைய ஓ.டி.பி. காணவில்லை என்று தேடப் போனேன். மெசேஜ் செயலிக்குள்ளே 'வேண்டாதவை' என்று ஒரு பெட்டி. அதில் ரெஜினாவுக்கு விழுப்புரத்தில் இடம் கிடைத்த செய்தி, பதினோரு நாள் பழசாகக் கிடந்தது. கடன்காரனையும் சூதாடியையும் நடு வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தியிருக்கிறது என் போன். என்னைக் கேட்கவில்லை, ஒரு சத்தம் போடவில்லை. இப்படி வடிகட்டும் வசதி ஒன்றை நானே ஒரு காலத்தில் சோதித்து 'சரி' என்று குறித்துக் கொடுத்திருக்கிறேன். கல்லூரிச் சேர்க்கையின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று சுற்ற விட்டு, கடைசியில் ஒரு பெண், இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது, அடுத்த சுற்றில் வந்தால் உண்டு என்றாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, அம்மாவும் மகளும் சேர்ந்தே வந்திருந்தார்கள். போனைக் காட்டி, இந்தப் பெட்டியைக் காட்டி, போன் எப்படித் தானாக ஒதுக்கியது என்று விளக்கினேன். நிறைய விளக்கினேன். மேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ரெஜினா அழவில்லை. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீங்க பாக்கலன்னு சொல்லுங்க சார், போன் பாக்கலன்னு சொல்லாதீங்க."

மறுநாள் கடை ஷட்டரில், புது விண்ணப்பம் வாங்குவதில்லை என்று எழுதி ஒட்டிவிட்டு, என் நம்பரை யார் யாருக்குப் போட்டேனோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், என் நம்பரை எடுத்துவிட்டு அவரவர் வீட்டு நம்பரைப் போட்டுக் கொடுக்க, காலை முதல் பஸ்ஸில் ரெஜினாவின் ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.